மீகாங் டெல்டா டூர்: மிதக்கும் சந்தை பார்க்கப் போறவங்க கேக்குற கேள்விகள்

வியட்நாம் போறேன்னு சொன்னாலே அடுத்த கேள்வி மீகாங் டெல்டா போலாமா, அந்த படகுச் சந்தை பாக்கலாமா, எத்தன நாள் வேணும்னுதான் வருது. சொந்தக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவங்க, தெரிஞ்சவங்களோட தெரிஞ்சவங்கன்னு எல்லாரும் கேட்டதை எல்லாம் சேர்த்து இங்க போட்டிருக்கேன். கைடோட ரெண்டு மூணு நாள் போற டூர் பத்திதான் முக்கியமா.

முதல்ல இது எங்க இருக்கு?

வியட்நாமோட தெக்கு மூலையில. மீகாங் ஆறு திபெத் பக்கம் ஆரம்பிச்சு சீனா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து, கம்போடியா எல்லாம் தாண்டி 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடி வருது. கம்போடியாவுலயே ரெண்டு பெரிய கிளையாப் பிரிஞ்சு, வியட்நாம்ல தியென், ஹாவ்ங்குற பேர்ல வந்து, அப்புறம் இன்னும் பல வாயாப் பிரிஞ்சு கடல்ல சேருது. வியட்நாம் பக்கம் மட்டும் சுமார் 40,000 சதுர கிலோமீட்டர். அந்த நாட்டு நெல்லுல பாதிக்கு மேல இங்கதான் விளையுது. சைகோன்ல இருந்து (இப்ப பேரு ஹோ சி மின் சிட்டி, ஆனா அங்க உள்ளவங்களே சைகோன்னுதான் சொல்றாங்க) டெல்டாவோட பெரிய ஊரான கன் தோவுக்கு ரோடு வழியா சுமார் 170 கிலோமீட்டர், மூணரை நாலு மணி நேரம்.

காலையில போய் சாயங்காலம் சைகோன் திரும்பிடலாமா? ஒரு நாள் டூர் சீப்பா இருக்கே?

போலாம், ஆனா மிதக்கும் சந்தை பாக்கணும்னா போகாதீங்க. இதுதான் இந்தப் பக்கத்துலயே முக்கியமான பதில், மத்தது படிக்கலைன்னாலும் இதைப் படிச்சிருங்க. சந்தை விடியக்காலம் 5 மணிக்கு சூடு பிடிச்சு 8 மணிக்கெல்லாம் அடங்கிடும். சைகோன்ல காலையில 8 மணிக்கு பஸ் ஏறுறவன் எப்படி அதைப் பாக்க முடியும்? சில ஒரு நாள் டூர்ல "மிதக்கும் சந்தை"ன்னு போட்டு 10, 11 மணிக்கு காய் பே பக்கம் கூட்டிட்டுப் போவாங்க, அங்க ஆறு இருக்கும், சந்தை இருக்காது. காய் பே சந்தை ஒரு காலத்துல பெருசு, இப்ப கிட்டத்தட்ட முடிஞ்சு போச்சு, ஆனா விளம்பரத்துல பேரு மட்டும் இன்னும் ஓடிட்டு இருக்கு.

ஒரு நாள் டூர்ல மீ தோ, பென் ச்சே பக்கம் தீவு, தென்னந்தோப்பு, சின்னக் கால்வாய்ல துடுப்புப் படகு இதெல்லாம் கிடைக்கும். அது போதும்னா தாராளமா போங்க. சந்தை வேணும்னா ராத்திரி கன் தோவுல தூங்கணும், வேற வழியே இல்ல.

அப்ப ரெண்டு நாளா, மூணு நாளா?

ரெண்டு நாள் ஒரு ராத்திரி டூர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: முதல் நாள் மீ தோ, பென் ச்சே, சாயங்காலம் கன் தோ வந்து ஓட்டல், அடுத்த நாள் விடியக்காலம் கன் தோ பக்கத்துல இருக்குற காய் ராங் மிதக்கும் சந்தை, நூடுல்ஸ் செய்யுற இடம், ஒரு பழத்தோட்டம், மதியம் சாப்பிட்டு சைகோன். கொஞ்சம் ஓட்டமா இருக்கும், ஆனா பாக்க வேண்டியது பாத்துடலாம்.

மூணு நாள்னா ரெண்டாவது நாள் மதியம் கன் தோவுல இருந்து மேற்கால சாவ் டோக் போவாங்க, கம்போடியா எல்லை பக்கம். மூணாவது நாள் த்ரா சூ காடு, சாம் மலை கோயில், சாம்ங்குற சிறுபான்மை இனத்து முஸ்லிம் மக்களோட கிராமம், மீன் வளர்க்குற மிதக்குற வீடுங்க. என்னைக் கேட்டா மூணு நாள்தான். சாவ் டோக் பக்கம் டூரிஸ்ட் கூட்டம் கம்மி, அந்த வீடுகளோட தரையில ஒரு பலகையைத் தூக்கினா கீழ வலைக்குள்ள ஆயிரக்கணக்குல பாசா மீன் துள்ளுறதைப் பாக்குறதே தனி. திரும்பி வர்ற ரோடுதான் நீளம், சாவ் டோக்ல இருந்து சைகோனுக்கு ஆறு மணி நேரம் ஆயிடும்.

நாலு நாளுக்கு மேல டூர் எடுக்குறவங்க பெரும்பாலும் கேபின் வெச்ச க்ரூஸ் படகுல போறவங்க. காசு நல்லா ஆகும்.

சந்தை இன்னும் நிஜமா நடக்குதா, இல்ல டூரிஸ்ட்டுக்கு போடுற நாடகமா?

நடக்குது, ஆனா சுருங்கிட்டே வருது. காய் ராங்ல ஒரு காலத்துல 500, 600 படகுன்னு சொல்வாங்க, இப்ப அதுல பாதி கூட இல்ல. காரணம் ரொம்ப சிம்பிள், ரோடு வந்துருச்சு. முன்னாடி டெல்டாவுல ஒரு மூட்டை சக்கரவள்ளிக் கிழங்கு நகரணும்னா படகுலதான் நகரணும். 2000ல மீ துவான் பாலம், 2010ல கன் தோ பாலம், நடுவுல எக்ஸ்பிரஸ்வே எல்லாம் வந்தப்புறம் லாரிக்காரன் நேரா தோட்டத்துக்கே வந்து ஏத்திட்டுப் போயிடுறான், அப்புறம் படகுக்கு டீசல் போட்டு ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்து ஆத்து நடுவுல நங்கூரம் போட்டு யாரு காத்துட்டு இருப்பா. கரையோரம் தடுப்புச் சுவர் கட்டினதுல சரக்கு ஏத்தி இறக்குறதும் கஷ்டம் ஆயிடுச்சு. படகுலயே பொறந்து வளர்ந்த குடும்பங்க பல பேரு பசங்க படிப்புக்காக கரைக்கு வந்துட்டாங்க, அதுல தப்பு சொல்ல நமக்கு ஒண்ணும் இல்ல.

காய் ராங் சந்தையை 2016ல தேசிய கலாச்சார பாரம்பரியமா அறிவிச்சாங்க. அதுனால ஒரு அக்கறை வந்திருக்கு, ஆனா அறிவிப்பு போட்டா மட்டும் வியாபாரம் திரும்பி வராது இல்ல. ஏழு கால்வாய் கூடுற இடத்துல இருந்த ஃபூங் ஹியெப் சந்தை இதை விடப் பேர் போனது, 2002ல போக்குவரத்துக்கு இடைஞ்சல்னு இடம் மாத்தினாங்க, அதோட படுத்துருச்சு.

அதனால பழைய போட்டோவுல இருக்குற மாதிரி ஆறு தெரியாத அளவுக்கு படகு இருக்கும்னு மனசுல வெச்சுட்டுப் போகாதீங்க. மொத்த வியாபாரப் படகு கொஞ்சம், டூரிஸ்ட் படகு கொஞ்சம், நடுவுல காபி விக்குற குட்டிப் படகுங்க. சில நாள் டூரிஸ்ட் படகுதான் ஜாஸ்தியா தெரியும். ஆனாலும் அஞ்சரை மணிக்கு இருட்டு கலையுற நேரத்துல ஒரு படகுல இருந்து இன்னொரு படகுக்கு அன்னாசிப்பழத்தை ஒவ்வொண்ணா தூக்கிப் போட, அந்தப் பக்கம் ஆள் பிடிச்சு பிடிச்சு அடுக்குறான் பாருங்க, அது நமக்காக நடக்குறது இல்ல.

படகு மேல கம்பு நட்டு காய் தொங்க விட்டிருக்காங்களே, அது என்ன?

அதுதான் கடை போர்டு. காய் பேவோன்னு சொல்லுவாங்க, நீள மூங்கில் கம்பு. ஆத்துல தூரத்துல இருந்து கத்துனா மோட்டார் சத்தத்துல எவனுக்கும் கேக்காது, அதனால பூசணி விக்குறவன் பூசணியைத் தொங்க விடுவான், முட்டைக்கோஸ் விக்குறவன் முட்டைக்கோஸ். வாங்க வர்றவன் தூரத்துலயே பாத்துட்டு நேரா அந்தப் படகுக்கு விடுவான்.

இதுல சுவாரஸ்யம் என்னன்னா கைடுங்க ஒரு நாலு விதி சொல்லுவாங்க. தொங்குறதை விப்பாங்க, இது சாதாரணம். தொங்கும் ஆனா விக்க மாட்டாங்க, அது காயப் போட்ட துணி (படகுதானே வீடு). விப்பாங்க ஆனா தொங்காது, அது நூடுல்ஸ், காபி மாதிரி சாப்பாட்டுப் படகு, சூப்பை எங்க தொங்க விட? கடைசியா, தொங்குறது ஒண்ணு விக்குறது ஒண்ணு: கம்புல தென்னை ஓலை தொங்குச்சுன்னா அந்தப் படகையே விக்குறாங்கன்னு அர்த்தம். இப்பல்லாம் அந்த ஓலையைப் பாத்தா கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு.

படகு முன்னாடி ரெண்டு கண்ணு வரைஞ்சிருப்பாங்க, அதையும் கவனிங்க.

சந்தையில நாம ஏதாவது வாங்கலாமா?

பெரிய படகுங்க மொத்த வியாபாரம், நூறு கிலோ கணக்குல பேசுறவங்க. ஆனா அன்னாசி, தர்பூசணி விக்குற சில படகுல டூரிஸ்ட்டுக்கு தோல் சீவி குச்சியில குத்திக் குடுப்பாங்க. காபிப் படகு தானா வந்து நம்ம படகு ஓரத்துல கொக்கி மாட்டிக்கும், ஐஸ் போட்ட பால் காபி கண்டிப்பா குடிங்க. பெரிசா பேரம் பேச வேண்டாம், நம்ம ஊர்ல டீக்குப் பேரம் பேசுவோமா?

நோட்டைக் குடுக்கும்போது மட்டும் கண்ணைத் திறந்து குடுங்க. வியட்நாம் காசு டாங், அதுல 20,000 டாங் நோட்டும் நீலம், 500,000 டாங் நோட்டும் நீலம் மாதிரிதான், அந்த அரை இருட்டுல மாத்திக் குடுக்க ரொம்ப வாய்ப்பு இருக்கு.

டூர் இல்லாம சொந்தமா போக முடியாதா?

முடியும். சைகோன் மியென் தாய் பஸ் ஸ்டாண்டுல இருந்து கன் தோவுக்கு நாள் பூரா பஸ் இருக்கு, படுக்கை வசதி உள்ள நல்ல பஸ். கன் தோவுல நின் கியூ படகுத்துறை பக்கம் ரூம் போட்டுட்டு, சாயங்காலமே ஒரு படகுக்காரர்கிட்ட பேசி வெச்சா விடியக்காலம் 5 மணிக்கு கெளம்பிடலாம், அங்க இருந்து சந்தை படகுல அரை மணி நேரம்தான். டாக்ஸி கூப்பிடுற கிராப் ஆப்பும் ஊருக்குள்ள வேலை செய்யும்.

கன் தோ மட்டும்னா சொந்தமா போறது ஈஸி. தீவு, கால்வாய், சாவ் டோக், காடுன்னு நாலஞ்சு இடத்தைக் கோக்கணும்னா ஒவ்வொரு எடத்துலயும் படகு மாறணும், வண்டி பிடிக்கணும், இங்கிலீஷ் தெரிஞ்ச ஆள் கிடைக்குறதும் கம்மி. அங்கதான் கைடு காசுக்கு மதிப்பு. நல்ல கைடா அமைஞ்சா அந்தப் படகுக்காரம்மாகிட்ட நம்ம சார்பா நாலு வார்த்தை பேசுவார், அது ஒண்ணுக்கே டூர் எடுக்கலாம்.

புக் பண்றதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

- சந்தைக்கு படகு எத்தனை மணிக்குக் கெளம்பும்? 7 மணின்னு சொன்னா வேற டூர் பாருங்க. 5, 5:30 நல்லது, 6 பரவால்ல.
- எந்தச் சந்தை? காய் ராங்னு பேர் சொல்லணும். வெறும் "ஃப்ளோட்டிங் மார்க்கெட்"னு இருந்தா திரும்பக் கேளுங்க.
- ராத்திரி எங்க தங்க வைக்குறீங்க? படகுத்துறை பக்கமா, ஊருக்கு வெளிய ஹோம்ஸ்டேயா? ஹோம்ஸ்டேன்னா அங்க இருந்து சந்தைக்கு எவ்ளோ நேரம்?
- ஒரு குரூப்ல எத்தன பேர்? 40 பேர் பஸ்ஸா, 12 பேர் வேனா?
- சைவம் உண்டா, இது எழுத்துல வாங்கிக்கோங்க.

வெலையைப் பத்தி டூர்காரங்ககிட்ட அப்புறம் பேசிக்கலாம், மொதல்ல இதுக்குப் பதில் வரட்டும்.

எவ்ளோ செலவு ஆகும்?

குரூப் டூர் ரெண்டு நாள்னா ஓட்டல் தரத்தைப் பொறுத்து ஆளுக்கு 50ல இருந்து 100 டாலர் வரைக்கும் பாக்கலாம், தனி கார், தனி கைடுன்னா அதுல ரெண்டு மூணு மடங்கு. கைச் செலவுக்கு, சுமார் 300 டாங் நம்ம 1 ரூபாய்னு வெச்சுக்கோங்க, மூணு சைபரை அடிச்சுட்டு மூணால பெருக்கினா கிட்டத்தட்ட ரூபா வந்துரும். ராத்திரிச் சாப்பாடு பல டூர்ல சேராது, அதைப் பாத்துக்கோங்க.

நாங்க சுத்த சைவம், அங்க பட்டினிதானா?

இல்லவே இல்ல, ஆனா முன்னாடியே சொல்லணும். அந்த ஊர்ல பௌத்தம் காரணமா சைவச் சாப்பாடு நல்லா பழக்கம், "சாய்"னு சொல்லுவாங்க, சந்திர மாசத்துல அமாவாசை ஒட்டின முதல் நாளும் பௌர்ணமி நாளும் நெறைய பேர் சைவம்தான். கன் தோ, சாவ் டோக் ரெண்டுலயும் சைவக் கடைங்க இருக்கு. பிரச்சனை எங்கன்னா டூர்ல வர்ற மதியச் சாப்பாடு. காய்தானேன்னு வாங்கினா மீன் சாஸ் விட்டிருப்பாங்க, சூப்பு எலும்பு வேகவெச்ச தண்ணியா இருக்கும். "கறி வேண்டாம்"னு மட்டும் சொல்லாதீங்க, மீன் சாஸ், இறால், எலும்பு சூப்பு எதுவும் வேண்டாம்னு வியட்நாம் மொழியில எழுதி போன்ல வெச்சுக் காட்டுங்க. முட்டை சாப்பிடுறவங்களுக்கு கஷ்டமே இல்ல. பழம் இருக்கவே இருக்கு, மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் ரம்புட்டான், மங்குஸ்தான், டூரியன் எல்லாம் வந்து குவியும். டூரியனை மட்டும் ஓட்டல் ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க, பல ஓட்டல்ல தடை.

அசைவம் சாப்பிடுறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம், சந்தையில படகுல வெச்சு ஆவி பறக்கக் குடுக்குற ஹு தியூ நூடுல்ஸ் சூப்பு ஒண்ணு போதும்.

எந்த மாசம் நல்லது?

டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை கம்மி, மார்ச் ஏப்ரல்ல வெயில் நம்ம ஊரு வெயில்தான். மே முதல் நவம்பர் மழைக்காலம், ஆனா நாள் பூரா பெய்யாது, பெரும்பாலும் மதியத்துக்கு மேல ஒரு வெளாசு வெளாசிட்டுப் போயிடும், காலைச் சந்தைக்கு அதனால பெரிசா கெடுதல் இல்ல. செப்டம்பர், அக்டோபர், நவம்பர்ல மேல இருந்து வெள்ளத் தண்ணி இறங்கி சாவ் டோக் பக்கம் வயல் எல்லாம் கடல் மாதிரி ஆயிடும், த்ரா சூ காடு பாக்க அதுதான் சரியான நேரம். பாசி மூடின பச்சைத் தண்ணி மேல மரத்துக்கு நடுவுல துடுப்புப் படகுல போறது, மூணு நாள் டூர் எடுக்குறவங்களுக்கு இதுக்காகவே அக்டோபர் சொல்லுவேன்.

டெட் பண்டிகையை மட்டும் கவனிங்க, அது அவங்க புத்தாண்டு. 2026ல பிப்ரவரி 17, 2027ல பிப்ரவரி 6. அதுக்கு முந்தின வாரம் சந்தை பூவும் பழமுமா அமர்க்களமா இருக்கும், பண்டிகை நாள்ல இருந்து சில நாளைக்கு ஒண்ணுமே இருக்காது, பஸ் டிக்கெட்டும் கிடைக்காது.

வயசான அம்மா அப்பா, சின்னப் பசங்களோட போகலாமா?

போலாம். ஆத்துல கடல் மாதிரி அலை இல்ல, வாந்தி பயம் கம்மி. கஷ்டம் எங்கன்னா படகு மாறும்போது. பெரிய படகுல இருந்து சின்னத் துடுப்புப் படகுக்கு இறங்கணும், அது ஆடும், பிடிக்க கம்பி இருக்காது, முட்டி வலி உள்ளவங்களுக்கு சிரமம். அந்த ஒரு பகுதியை விட்டுட்டு கரையில உக்காரலாம், கைடுகிட்ட சொன்னா போதும். லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க, குழந்தை சைஸ் இருக்கான்னு முதல் நாளே கேளுங்க. சின்னப் படகுல டாய்லெட் கிடையாது, அதனால விடியக்காலம் கெளம்பும்போதே ஓட்டல்ல முடிச்சிருங்க. கொசு இருக்கு, டெங்குவும் உள்ள ஊரு, கொசு க்ரீம் மறக்காதீங்க.

தேங்கா மிட்டாய் கடை, மலைப்பாம்பு போட்டோ எல்லாம் கட்டாயமா?

பென் ச்சே தென்னைக்குப் பேர் போன ஊரு, தேங்கா மிட்டாய் செய்யுறதைப் பாக்குறது நிஜமாவே நல்லா இருக்கும், சூடா ஒண்ணு வாயில போட்டுட்டு ஒரு பாக்கெட் வாங்குறதுல தப்பில்ல. தேன் டீ, பழத்தட்டு, பாட்டுன்னு அடுத்தடுத்து உக்கார வைப்பாங்க. அந்தப் பாட்டு, டோன் கா தாய் துன்னு பேரு, 2013ல யுனெஸ்கோ பட்டியல்ல சேந்தது, தெக்கு வியட்நாமோட சொந்த இசை. குரூப் டூர்ல அதைப் பத்து நிமிஷத்துல முடிச்சு டிப் தட்டு நீட்டிடுவாங்கங்கறதுதான் வருத்தம்.

மலைப்பாம்பைக் கழுத்துல போடுறது, பாம்பு ஊறப் போட்ட சாராயம் இதெல்லாம் வேண்டாம்னு தலையாட்டிட்டு நகர்ந்துருங்க, யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

சாவ் டோக்ல கோயில் இருக்காமே? நம்ம ஆளுங்க தொடர்பு ஏதாவது உண்டா?

சாம் மலை அடிவாரத்துல பா சுவா சூ அம்மன் கோயில். நாடு பூரா இருந்து ஜனம் வருது, சந்திர மாசம் நாலாவதுல திருவிழா, அம்மன் சிலையைக் குளிப்பாட்டி புதுத் துணி சாத்துவாங்க, நம்ம ஆடி மாசக் கூட்டத்தைப் பாத்தவங்களுக்கு இது புதுசாவே இருக்காது. அந்த விழாவை 2024 டிசம்பர்ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. அந்தச் சிலையே ஆதியில இந்து சாமி சிலையா இருந்திருக்கலாம்னு சொல்ற ஆராய்ச்சியாளர்களும் உண்டு.

இதுக்கு மேல, அதே ஆன் சியாங் மாகாணத்துல ஓக் ஏயோன்னு ஒரு பழைய துறைமுக ஊர் இருக்கு, ஃபூனான்னு அந்தப் பக்கம் இருந்த ஒரு பழைய ராஜ்ஜியத்தோட காலம். ரோமானிய நாணயப் பதக்கம், விஷ்ணு சிலை எல்லாம் கிடைச்ச இடம். 2023ல வந்த ஒரு ஆய்வுல அங்க எடுத்த அம்மிக் கல்லுல மஞ்சள், இஞ்சி, கிராம்பு, பட்டை, ஜாதிக்காய் ஒட்டியிருந்ததைக் கண்டுபிடிச்சாங்க, வயசு சுமார் 2,000 வருஷம். குரூப் டூர் பெரும்பாலும் அங்க போகாது, தனி கார் எடுக்குறவங்க வழியில கேட்டுப் பாருங்க.

அப்புறம் பிரெஞ்சுக்காரன் காலத்துல நம்ம செட்டியார்கள் சைகோன்ல கடை போட்டு இந்த டெல்டா நெல் நிலத்துக்காரங்களுக்குக் கடன் குடுத்திருக்காங்க. சைகோன் ட்ருவாங் டின் தெரு மாரியம்மன் கோயில் தமிழர்கள் கட்டினதுதான், இப்ப கும்புட வர்றவங்கள்ல வியட்நாம் மக்கள்தான் அதிகம். டூர் முடிஞ்சு சைகோன் வந்ததும் போயிட்டு வாங்க.

சாவ் டோக்ல இருந்து அப்படியே கம்போடியா போகலாமா?

போலாம், ஸ்பீட் போட் இருக்கு, ப்னாம் பென் வரைக்கும் அஞ்சு மணி நேரம் மாதிரி, எல்லையில இறங்கி பாஸ்போர்ட் சீல் அடிச்சுட்டு ஏறணும். திரும்ப வியட்நாம் வர்ற பிளான் இருந்தா ஒரு விஷயம், சிங்கிள் என்ட்ரி விசா எடுத்திருந்தா எல்லை தாண்டினதோட அது முடிஞ்சிடும். வியட்நாம் இ-விசா சிங்கிள் 25 டாலர், மல்டிபிள் 50 டாலர், 2023 ஆகஸ்ட்ல இருந்து 90 நாள் வரைக்கும் குடுக்குறாங்க. அரசாங்க சைட்ல நேரா போடுங்க, ஏஜென்ட் சைட்டுங்க அதே மாதிரி வேஷம் போட்டுட்டு மேல காசு கேக்கும்.

மேப்ல பென் ச்சே மாகாணம்னு தேடினா வின் லாங்னு காட்டுது?

2025 ஜூலை 1ல மாகாணங்களை இணைச்சுட்டாங்க. பென் ச்சே இப்ப வின் லாங்ல, மீ தோ இருந்த தியென் சியாங் இப்ப டோங் தாப்ல, சோக் ட்ராங் கன் தோவுல. டூர்காரங்க பழைய பேர்லயேதான் சொல்லுவாங்க, இடம் எல்லாம் அங்கேயேதான் இருக்கு.

டிப் எவ்ளோ குடுக்கணும்?

கட்டாயம் இல்ல, ஆனா கைடு, டிரைவருக்கு எதிர்பார்ப்பு இருக்கும். நான் சொல்றது, துடுப்புப் படகு வலிக்குறவங்களை மறக்காதீங்க, பெரும்பாலும் அம்பது வயசு தாண்டின அம்மாக்கள், வெயில்ல நம்ம நாலு பேரையும் இழுத்துட்டுப் போறாங்க. 20,000, 50,000 டாங் நோட்டு கொஞ்சம் மாத்தி வெச்சுக்கோங்க, இறங்குறப்ப நேரா அவங்க கையில குடுங்க.